புயல் அடித்தால் கரன்ட் ஏன் போகிறது? கம்பத்தைச் சாய்த்தது காற்று மட்டும்தானா?

ஒரு நாள் வட்டி ரூ.45 கோடி! திடுக்கிட வைக்கும் மின்சாரக் கணக்கு

திருவண்ணாமலை, கார்த்திகை பிறந்து வானம் கறுத்தால் போதும். தேரடித் தெருக் கடைக்காரர்களின் கண் மின்விசிறி மேல் போய்விடும். சுற்றுகிறதா? நின்றுவிட்டதா?

"அண்ணே, உங்க கடையில கரன்ட் இருக்கா?"

"எங்கே தம்பி! ஊரு பூரா போச்சு!"

மழைக்காலத்தில் இந்தப் பேச்சு இல்லாத தெரு இல்லை. அடுத்த பேச்சும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "ரெண்டு தூறல் போட்டா கட் பண்ணிடறானுங்க. பில்லு மட்டும் கரெக்டா வருது!"

இந்தக் கோபம் நியாயமா? கரன்ட் ஏன் போகிறது? போனால் வருவதற்கு ஏன் இவ்வளவு நேரம்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

மலை சரிந்த மாலை

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரைக்கு வந்த புயல் நகரவில்லை. அங்கேயே மணிக்கணக்கில் நின்று மழையைக் கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை! பிறகு உள்ளே நகர்ந்து, கடலையே பார்க்காத ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது.

நடுவில் மாட்டிக்கொண்டது திருவண்ணாமலை.

டிசம்பர் 1-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை. அண்ணாமலையார் மலை அடிவாரத்தில் வ.உ.சி. நகர். மேலே இருந்து பாறையும் மண்ணும் சரிந்து வீட்டை மூடியது. உள்ளே இருந்த ஏழு பேர் உயிரோடு புதைந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள்! மழை, இருட்டு, வண்டி நுழைய முடியாத சந்து. மூன்றும் சேர்ந்து மீட்பு வேலையைத் தடுத்தன. தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்து உடல்களை எடுத்தது. ஊரே கதறியது.

அந்த இரவு விடிவதற்குள் அடுத்த இடி. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. தென்பெண்ணை பொங்கிக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது.

இந்தப் புயலில் தமிழ்நாட்டில் சேதமான மின்கம்பங்கள் 23,664. டிரான்ஸ்பார்மர்கள் 997. முதலமைச்சர் பிரதமருக்கு அனுப்பிய கடிதத்தில் உள்ள கணக்கு இது.

கம்பம் விழுந்தால் விளக்கு மட்டுமா அணையும்? மோட்டார் ஓடாது, தொட்டியில் தண்ணீர் ஏறாது. செல்போன் டவரில் டீசல் தீர்ந்தால் போன் பேசாது. போன் பேசாவிட்டால் கடையில் 'ஸ்கேன்' பண்ணிப் பணம் வாங்க முடியாது. சில்லறை வைத்திருக்கிற கடைக்காரர்தான் அன்றைக்கு ராஜா!

கம்பி வரும் வழி

நம் வீட்டு பல்புக்குக் கரன்ட் எப்படி வருகிறது? 1 லட்சத்து 10 ஆயிரம் வோல்ட், 33 ஆயிரம் வோல்ட் என்று பெரிய லைன்களில் ஊருக்கு வெளியே உள்ள துணை மின் நிலையத்துக்கு வருகிறது. அங்கே 11 ஆயிரம் வோல்ட்டாகக் குறைகிறது. அதற்கப்புறம் 'பீடர்' என்று சொல்லும் லைன்கள் தெருத் தெருவாக, வயல் வயலாகப் போகின்றன. கடைசியில் தெருமுனை டிரான்ஸ்பார்மர். அங்கிருந்து 230 வோல்ட் உங்கள் மீட்டருக்கு வருகிறது.

பெரிய லைன் இரும்புக் கோபுரத்தில் போகிறது. புயலில் அது சாய்வது குறைவு. அடிபடுவது பீடர்தான். சிமென்ட் கம்பம், அதன் மேல் பீங்கான், பக்கத்தில் புளியமரமோ வேப்பமரமோ. ஒரு கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் அந்த பீடரில் உள்ள அத்தனை தெருவும் இருட்டு! ஒரு கம்பம் சாய்ந்தால், கம்பி இழுத்து அடுத்த நாலு கம்பமும் சேர்ந்து சாயும். ஊறிப்போன மண்ணில் கம்பத்துக்குப் பிடிப்பு ஏது?

காற்று பலமாக அடிக்கும்போது ஈ.பி.காரர்களே கரன்ட்டை நிறுத்துகிறார்கள். ஜனங்கள் திட்டுவது இதற்குத்தான். ஆனால் காரணம் இருக்கிறது. அறுந்த கம்பி தரையில் கிடந்தாலும் சில சமயம் பியூஸ் போகாது. கம்பியில் உயிர் இருக்கும். தெருவில் தண்ணீர் நின்றால் கேட்கவே வேண்டாம். மிதித்தவர் பிணம்!

திருப்பிக் கொடுப்பது அதைவிடக் கஷ்டம். முதலில் லைனை நடந்து பார்க்க வேண்டும். மரத்தை வெட்ட வேண்டும். துணை மின் நிலையத்தில் 'லைன் கிளியர்' எழுதி வாங்க வேண்டும். எர்த் ராடு மாட்டிய பிறகுதான் லைன்மேன் கம்பத்தில் ஏறலாம். ஒரு இடத்தில் கவனக் குறைவு என்றால் ஏறியவர் இறங்க மாட்டார். முதலில் ஆஸ்பத்திரி, குடிதண்ணீர் மோட்டார். அப்புறம் டவுன். அப்புறம் கிராமம். கடைசியில்தான் கழனி பம்ப்செட்.

கம்பம் எந்தக் கணக்கில்?

புயல் வந்தது இயற்கை. ஆனால் எத்தனை கம்பம் விழுந்தது, எத்தனை நாளில் எழுந்தது என்பது இயற்கை மட்டும் இல்லை. பழைய கம்பத்தை மாற்றினார்களா? மரக்கிளையை வெட்டினார்களா? ஸ்டோரில் கம்பம் இருந்ததா? ஏற ஆள் இருந்ததா? நாலுக்கும் பணம் வேண்டும்.

பணம் எங்கே போகிறது? இங்கேதான் தலை சுற்றுகிறது.

தமிழ்நாடு மின்சார வாரியம் 1957 ஜூலை 1-ந் தேதி பிறந்தது. 2010-ல் அதைப் பிரித்தார்கள். 2024-ல் மறுபடியும் பிரித்து, நமக்குக் கரன்ட் கொடுக்கும் பகுதிக்கு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் வைத்தார்கள். ஜனங்கள் வாயில் இன்றும் 'ஈ.பி.'தான். பெயர் மாறியது, கடன் மாறவில்லை.

2011-12-ல் கடன் ரூ.43,493 கோடி. 2021-22-ல் அது ரூ.1,59,823 கோடி! 2020-21-ல் கட்டிய வட்டி மட்டும் ரூ.16,511 கோடி. இது அரசே கட்டண உயர்வின்போது வெளியிட்ட கணக்கு.

வகுத்துப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு ரூ.45 கோடி! நீங்கள் இந்தச் செய்தியைப் படித்து முடிப்பதற்குள் பல லட்சம் ரூபாய் வட்டியாகவே போகும் அளவு.

அடகுக் கடையில் வட்டி கட்டுகிறவன் கூரையை மாற்றுவானா? ஓட்டைக்குக் கீழே பாத்திரம்தான் வைப்பான். ஈ.பி. கதையும் அதுதான். கள வேலைக்கு ஆள் பற்றாக்குறை என்று தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் சொல்கின்றன. 2021-ல் 'கேங்மேன்' என்று 9 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை எடுத்தார்கள். அப்படியும் புயல் என்றால் மற்ற மாவட்டத்துக்காரர்கள் லாரி ஏறி வந்தால்தான் வேலை நடக்கிறது.

ஒரு காசுக்கு மூன்று உயிர்

கட்டணத்தை ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது.

1970-ல் பம்ப்செட் கரன்ட்டுக்கு யூனிட்டுக்கு ஒரு காசு கூட்டினார்கள். ஒரே ஒரு காசு! கொங்கு நாட்டு விவசாயிகள் கொதித்து எழுந்தார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று விவசாயிகள் செத்தார்கள்.

அந்த நாளில் இருந்து எந்தக் கட்சி வந்தாலும் கரன்ட் கட்டணம் என்றால் கை நடுங்குகிறது. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. 1990-ல் கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம். 2016-ல் ஜெயலலிதா வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று கையெழுத்துப் போட்டார்.

தப்பு என்று சொல்லிவிட முடியுமா? திருவண்ணாமலை மாவட்டமே கிணற்றுப் பாசனத்தை நம்பிய மாவட்டம். மோட்டார் ஓடாவிட்டால் நெல் ஏது, கடலை ஏது? ஆரணியில் பட்டு நெய்கிற தறிக்காரருக்கும் இலவச யூனிட் உண்டு. அது அவர் வீட்டு அடுப்பு.

ஆனால் இலவசம் என்றால் காசு இல்லாமல் வருவது என்று அர்த்தம் இல்லை. நிலக்கரிக்காரன் இலவசமாகத் தர மாட்டான். அந்தப் பணத்தை அரசு மானியமாக ஈ.பி.க்குக் கட்டுகிறது. மானியமும் நாம் கட்டுகிற வரிதான்.

கடன் ஏறியது இலவசத்தால் மட்டும் என்றும் சொல்ல முடியாது. 2012-ல் தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அப்போது வெளியில் கூடுதல் விலைக்கு வாங்கிக் கொடுத்தார்கள். விற்றது குறைந்த விலைக்கு. 2014 டிசம்பரில் கட்டணத்தை ஏற்றிய பிறகு 2022 செப்டம்பர் 10 வரை, கிட்டத்தட்ட எட்டு வருஷம், கட்டணம் ஏறவே இல்லை. எட்டு வருஷத்தில் டீ விலை எங்கே போனது, கம்பி விலை எங்கே போனது? இடைவெளியைக் கடன் வாங்கி நிரப்பினார்கள். 2017-ல் 'உதய்' திட்டத்தில் சேர்ந்து ரூ.22,815 கோடி கடனை அரசே தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அப்படியும் கடன் குறையவில்லை.

எட்டு வருஷம் ஏற்றாமல் விட்டதைப் பிறகு சேர்த்து ஏற்றினார்கள். 2022, 2023, 2024, 2025 என்று வரிசையாக உயர்வு. கடைக்காரர்களுக்கு இதில் இன்னொரு அடி. கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று நிலைக் கட்டணம் தனியாக உண்டு. புயலில் நாலு நாள் கடை இருட்டில் கிடந்தாலும் அந்தக் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும்!

வெயிலும் விடவில்லை

புயல்தான் எதிரி என்று நினைக்க வேண்டாம். வெயிலும் அதே வேலையைச் செய்கிறது. 2024 மே 2-ந் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை இல்லாத உச்சம்! ராத்திரி பூரா ஏ.சி., ஏர்கூலர். சூரிய மின்சாரம் பொழுது சாய்ந்தால் இல்லை. அந்த நேரத்தில் சந்தையில் யூனிட் 10 ரூபாய்க்குக்கூட வாங்க வேண்டி வருகிறது. 10 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று 2023 ஏப்ரலில் மத்திய ஆணையம் வரம்பு போட்டதால் அதோடு நிற்கிறது.

தேவைக்கும் உற்பத்திக்கும் நொடிக்கு நொடி கணக்கு சரியாக இருக்க வேண்டும். தராசு மாதிரி. ஒரு பக்கம் சாய்ந்தால் மொத்த வலையும் படுத்துவிடும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் அதுதான் நடந்தது. மழை தள்ளிப்போனது. பம்ப்செட்டுகள் ஓயாமல் ஓடின. மாநிலங்கள் அளவுக்கு மேல் இழுத்தன. ஒரு லைன் விழ, அடுத்த லைன் விழ, 31-ந் தேதி 60 கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள் வாழும் பகுதி இருளில் மூழ்கியது! ரயில்கள் நடுவழியில் நின்றன. தெற்கே நாம் தப்பினோம். காரணம், அப்போது நம் மின்வலை வடக்கோடு ஒரே வலையாக இணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31-ந் தேதிதான் ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் மூலம் இணைத்தார்கள். இப்போது ஒரே நாடு, ஒரே வலை. ஆபத்தில் உதவி கிடைக்கும். ஆபத்தும் சேர்ந்து வரும்.

அமெரிக்காவிலும் இருட்டு!

"நம்ம ஊர்லதான் இப்படி, வெளிநாட்டுல கரன்ட்டே போகாது" என்பார்கள் சிலர். கேளுங்கள் இந்தக் கதையை.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம். எண்ணெய், காஸ் எல்லாம் பூமிக்குள் கொட்டிக் கிடக்கும் பணக்கார மாநிலம். 2021 பிப்ரவரியில் அங்கே கடும் பனி. காஸ் குழாய் உறைந்தது. மின்நிலையம் உறைந்தது. காற்றாலை உறைந்தது. 45 லட்சம் வீடுகளில் கரன்ட் இல்லை. குளிரில் விறைத்தும் மற்ற வகையிலும் 246 பேர் இறந்ததாக அந்த மாநில அரசே கணக்குச் சொன்னது. இன்னும் 4 நிமிஷம் 37 வினாடி போயிருந்தால் மாநிலம் பூரா வலை படுத்திருக்கும்!

அங்கே கரன்ட் சந்தை சரக்கு. பெரும்பாலும் விற்ற யூனிட்டுக்குத்தான் காசு. குளிருக்குக் குழாயை மூடி வைப்பதற்கு அன்று தனியாகக் காசு கிடையாது. 2011-லேயே ஒருமுறை இப்படி ஆகி, குளிருக்குத் தயார் செய்யுங்கள் என்று மத்திய அமைப்புகள் அறிக்கை கொடுத்தன. சரியாகச் செய்யவில்லை. பத்து வருஷம் கழித்துப் பனி வந்தது.

விலை என்ன ஆனது தெரியுமா? மொத்தச் சந்தையில் யூனிட் 9 டாலர்! அன்றைய மதிப்பில் சுமார் 650 ரூபாய்! அந்தச் சந்தை விலைக்கே கரன்ட் வாங்க ஒப்புக்கொண்ட குடும்பங்களுக்குச் சில நாளில் பல ஆயிரம் டாலர் பில் வந்தது.

அங்கே விலையை அவிழ்த்து விட்டார்கள். இங்கே விலையைக் கட்டிப் போட்டார்கள். இரண்டு இடத்திலும் தயார் நிலைக்குப் பணம் ஒதுக்க ஆள் இல்லை. புயல் வராத வருஷம் அது மிச்சமாகத் தெரிகிறது. வந்த வருஷம் பத்து மடங்காகப் போகிறது.

செய்தால் முடியும்

2018 நவம்பர் 16-ந் தேதி 'கஜா' புயல். டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தன. கேரளாவில் இருந்துகூட மின் ஊழியர்கள் வந்து இடுப்பளவு தண்ணீரில் கம்பம் சுமந்தார்கள். உள்கிராமங்களில் வாரக்கணக்கில் சிம்னி விளக்கு.

2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயலில் கடலூர் நொறுங்கியது. அதற்குப் பிறகு உலக வங்கிக் கடனில் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணியில் கம்பியைப் பூமிக்கு அடியில் பதிக்கும் வேலை எடுத்தார்கள். பூமிக்கு அடியில் போன கம்பியில் கிளை விழாது. ஆனால் மேலே போகும் கம்பியைப்போலப் பல மடங்கு செலவு. கிராமம் கிராமமாகப் புதைக்க முடியாது. ஆஸ்பத்திரி, குடிநீர் நிலையம், கூட்டம் கூடும் இடம் என்று பார்த்துச் செய்யலாம்.

திருவண்ணாமலைக்கு அது ரொம்பவே பொருந்தும். 2,668 அடி உயர மலை உச்சியில் தீபம் எரியக் கரன்ட் வேண்டாம். நெய்யும் திரியும் போதும். 2024-ல் மண் சரிந்து பன்னிரண்டே நாளில், டிசம்பர் 13-ந் தேதி, தீபம் ஏற்றினார்கள். பக்தர்கள் மலை ஏறத் தடை போட்டார்கள். ஆனால் கீழே 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான ஜனங்கள். அத்தனை பேருக்கும் விளக்கு, தண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாம் கரன்ட்டை நம்பித்தான். கார்த்திகை என்பது புயல் மாதம். தீபமும் அதே மாதம்!

செலவே இல்லாத வேலையும் ஒன்று உண்டு. 'நாளை மின்தடை' என்று பேப்பரில் வருகிறதே, அந்த மாதாந்திரப் பராமரிப்பு. அதைப் பார்த்ததும் நாம் திட்டுகிறோம். அன்றைக்குத்தான் கிளை வெட்டுவதும், உடைந்த பீங்கான் மாற்றுவதும் நடக்க வேண்டும். நடக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. கரன்ட் நிறுத்திய நாளில் உங்கள் தெரு மரத்தில் ஒரு கிளையும் வெட்டவில்லை என்றால், பிரிவு ஆபீசில் போய்க் கேளுங்கள். ஐப்பசிக்குள் கேளுங்கள். புயல் வந்த பிறகு கேட்டு என்ன பயன்?

ஜனங்கள் கவனத்துக்கு

அறுந்த கம்பியைப் பார்த்தால் கிட்டே போகாதீர்கள். குச்சியால் தள்ளாதீர்கள். குழந்தைகளையும் மாட்டையும் விலக்குங்கள். மின்னகம் எண் 94987 94987-க்குப் போன் போடுங்கள். இரவு பகல் எடுப்பார்கள்.

சாய்ந்து நிற்கும் கம்பம், கம்பியைத் தொடும் கிளை இருந்தால் அதே எண்ணில் இன்றைக்கே சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த புயல் வரத்தான் போகிறது. வட்டி கட்டியது போக மிச்சம் இருக்கிற காசில் எத்தனை கம்பம் நிற்கப் போகிறது என்று இப்போதே கேட்க வேண்டும். வ.உ.சி. நகர் அடிவாரத்தில் அந்த ஏழு பேரின் நினைவாகவாவது கேட்க வேண்டும். கேட்பது யார்? பதில் சொல்வது யார்?